நாலு விநாடி முதுகு

...இல்லை, இருமக் கூடாது, இப்போது இருமினால் ஆமைதான் இருமுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள், முதல் கட்டத்திலேயே ஆமைக்குச் சளி பிடித்துக் கதை வேறு பக்கம் போய்விடும், எச்சிலை விழுங்கு, கம்பியை நேராகப் பிடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் முதல் கட்டத்தின் மேல் கம்பியின் நுனியை வைத்தாள். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏரியல் கம்பி, இழுத்தால் நீளும், இந்த ஸ்டூடியோவில் ஸ்டோரிபோர்டைச் சொல்லிக்காட்ட எழுந்து நிற்கிறவர்கள் கையில் பல வருஷமாக இதுதான் இருக்கிறது, அவள் கைக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. மூன்று சுவர்களிலும் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள், உள்ளங்கை அகலத் தாள்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு படம், கீழே இரண்டு வரி, யார் எந்தப் பக்கம் போகிறார், என்ன சத்தம் கேட்கிறது, எத்தனை விநாடி. டிவியில் பதினொரு நிமிஷம் ஓடப்போகிற கார்ட்டூன் முழுசாக இந்தச் சுவரில் இருக்கிறது, இன்னும் அசையவில்லை, அவ்வளவுதான். இவள் குரல் மாற்றிப் பேசி, கதவு சாத்துவதற்கு 'டப்' என்று சொல்லி, காற்றுக்கு 'உஸ்' என்று ஊதி, எதிரே உட்கார்ந்திருக்கும் நாலு பேர் மண்டைக்குள் அதை ஓட வைக்க வேண்டும். ஓடினால் அனிமேட்டர்களிடம் போகும். ஓடாவிட்டால்... ஓடாவிட்டால் மறுபடி அந்த மூலை நாற்காலி, ஒன்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலி, மற்றவர்கள் வரைந்ததில் விரல் ஆறு இருந்தால் ஐந்தாக்குவது, போன கட்டத்தில் எரிந்த விளக்கு இந்தக் கட்டத்தில் அணைந்திருந்தால் ஏற்றிவைப்பது, 'திருத்தக்கா, இதக் கொஞ்சம் பாருங்க' என்று ஆளாளுக்கு நீட்டுவதை வாங்கிப் பார்ப்பது. திருத்தக்கா. அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு என்பது இந்தக் கட்டடத்தில் அவளுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் ஞாபகம்.

நடுவில் டைரக்டர், பேனாவின் தலையை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பவர், சத்தம் நின்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், வேகமானால் போச்சு என்று அர்த்தம், மூலையில் இருந்தபடியே அந்த டிக்கைக் கேட்டு எந்தப் போர்டு தேறும், எது தேறாது என்று அவள் சொல்லிவிடுவாள். அவருக்கு இடப்பக்கம் எழுத்தாளர், தொடரின் எல்லாக் கதைகளையும் எழுதுகிறவர், மடியில் ஸ்கிரிப்ட், வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வருகிறார், அந்த விரலைப் பார்க்காதே, பார்த்தால் இருநூற்று ஒன்றாம் கட்டம் ஞாபகத்துக்கு வரும். வலப்பக்கம் சேனலிலிருந்து வந்த அம்மா, கையில் போன், போனில் கண். கடைசியில் எடிட்டர், விநாடிகளை எண்ணும் ஸ்டாப்வாட்ச்சோடு, சிரிக்கவே மாட்டாள் என்று பெயரெடுத்தவள். சரி, ஆரம்பி. ஆமைத் தபால்காரர் கதவைத் திறக்கிறார்... 'இன்னைக்கும் லேட்டுதான்' என்று ஆமை பேசியது, அவளுடைய சொந்தக் குரலில், கொஞ்சம் இழுத்து, அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. கட்டைக் குரல். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்றார், ஆண்டுவிழா மேடையில் முழுப்பாட்டுக்கும் வாயை அசைத்தாள், அதற்கப்புறம் எங்கே போனாலும் கடைசி வரிசை, எங்கே போனாலும் வாயசைப்பு, இன்றைக்கும் போனை எடுத்தால் 'சொல்லுங்க சார்' என்கிறார்கள், இதை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் எப்படி... ஆனால் இப்போது என்ன சத்தம் அது? டைரக்டர் சிரிக்கிறாரா? மூக்கால் ஒரு காற்று விட்டார், அது சிரிப்புதான், ஆமை இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை, அதற்குள். இந்தக் குரல் நாற்பது வருஷமாக ஒரு ஆமைக்காகக் காத்திருந்தது போலிருக்கிறது என்று நினைத்தாள், நினைத்ததில் முதுகு தானாக நிமிர்ந்தது.

கதை ரொம்பச் சின்னது. முள்ளம்பன்றிக்குக் கடிதமே வருவதில்லை. தினமும் வாசலில் நிற்கும், ஆமை தினமும் தலையாட்டி 'இல்லை' என்று போகும். ஒருநாள் ஆமைக்கு மனசு கேட்காமல் தானே ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு கிளம்புகிறது, அதே நாள் முள்ளம்பன்றி பொறுமை போய்த் தபாலாபீஸிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்புகிறது, இரண்டும் ஊரெல்லாம் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன, பார்த்துக்கொள்வதே இல்லை. ஆமை இடமிருந்து வலம், முள்ளம்பன்றி வலமிருந்து இடம், கதையே அவ்வளவுதான், திசைதான் கதை, அந்தத் திசையில்தான் அவள்... நினைத்தால் இப்போதும் காதோரம் சூடாகிறது. காலையில் சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்களை வரிசையாகப் பரப்பியிருந்தாள், பஸ் டிப்போவுக்குக் கிளம்பத் தயாராகக் காக்கிச் சட்டையோடு வந்த கணவர் டீக் கோப்பையை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார், பாலம் வரும் இடத்தில் நின்றார். "இவன் போறானா, வர்றானா?" என்றார். போகிறான் என்றாள், பாதிக் கவனத்தில். "அப்ப எதுக்கு இங்க இந்தப் பக்கம் மூஞ்சி வச்சிருக்கான்? எதையோ மறந்துட்டு வீட்டுக்குத் திரும்பறான்னுல்ல நெனச்சேன்." அவள் விளக்க ஆரம்பித்தாள், ஆற்றை மறுகரையிலிருந்து காட்டினால் அழகாக இருக்கும், அதனால் பார்வையை அந்தப் பக்கம் கொண்டுபோனேன், பார்க்கிறவர்களுக்குப் புரியும்... சொல்லச் சொல்ல அவளுக்கே அது சரியாகப் படவில்லை. பதினாறு வருஷம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறவர், நிறுத்தத்தில் நிற்கிறவன் முதலில் பார்ப்பது நம்பரை இல்லை, வண்டி எந்தப் பக்கம் மூஞ்சியை வைத்திருக்கிறது என்பதைத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துப் போய்விட்டார்.

ஒன்பது வருஷம் இதே தப்பை ஊரார் போர்டுகளில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டவளுக்குத் தன் போர்டில் பாலத்தின் ஒன்பது கட்டம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஏன் தெரியவில்லை? ஆறு அழகாக இருந்தது, அதனால்தான், அலை அலையாக வரைந்து, நாணல்கூட ஒவ்வொன்றாக வரைந்து, ஆமை எங்கே போகிறது என்பதை நாணல் மறைத்துவிட்டது. கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிப் போட்டுவிடலாம் என்றால் தபால் பை இடது தோளிலிருந்து வலது தோளுக்குத் தாவிவிடும், ஒன்பதையும் திரும்ப வரைவதுதான் வழி. ஸ்டூடியோவில் ஆள் வருவதற்கு முன் வந்து உட்கார்ந்து வரைந்தாள், இந்தத் தடவை நாணல் இல்லை, ஆறு இரண்டே கோடு, பாலம் ஒரு கோடு, ஆமை, பை, அவ்வளவுதான், கடைசிக் கட்டத்தைக் குண்டூசியில் குத்தியபோது எடிட்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். அந்த ஒன்பது கட்டமும் இப்போது கம்பியின் நுனிக்கு வந்தன, ஆமை பாலத்தின் மேல் வலப்பக்கம் போகிறது, முள்ளம்பன்றி பாலத்தின் அடியில் இடப்பக்கம் போகிறது, எழுதாமலே புரிகிறது, எழுத்தாளர் 'அடடா' என்று தொடையில் தட்டினார், யாருக்கும் தெரியாது, இந்த 'அடடா' நியாயமாக ஒரு பஸ் டிரைவருக்குப் போக வேண்டியது.

பாலம் தாண்டியதும் அவளுக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. கால் தானாக நகர்ந்தது, முதல் சுவர் முடிந்து இரண்டாவது சுவர், கம்பி தாளுக்குத் தாள் தாவியது, எங்கே வேகம், எங்கே நிற்க வேண்டும் என்று கைக்கே தெரிந்தது. இப்போது மரம். ஒரே மரம், அந்தப் பக்கம் ஆமை சாய்ந்து உட்கார்கிறது, இந்தப் பக்கம் முள்ளம்பன்றி சாய்ந்து உட்கார்கிறது, நடுவில் தடித்த அடிமரம், இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுகிறார்கள், அவளுக்கு இருப்பது ஒரே வாய்தான், இரண்டு மூச்சையும் எப்படி விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஆமை எழுந்து போகிறது. முள்ளம்பன்றியும் எழப் பார்க்கிறது, முடியவில்லை, முள்ளெல்லாம் மரத்தில் குத்திக்கொண்டிருக்கிறது, இழுக்கிறது, இன்னும் இழுக்கிறது, ஒரு கட்டம் முழுக்க இழுக்கிறது, 'ப்ளக்'. அந்த 'ப்ளக்'குக்கு எடிட்டரின் உதட்டோரம் நகர்ந்தது, நிஜமாக நகர்ந்தது, அவள் பார்த்தாள். சேனல் அம்மா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து! அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாத்தனார் கேட்பாள், இன்னும் அந்தப் பொம்மை போடற வேலைக்குத்தான் போறியா என்று, ஆமாம் அண்ணி, பொம்மை போடற வேலைதான், இங்கே வந்து பாருங்கள், பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒரு அம்மா முள்ளம்பன்றிக்காகப் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். டிக் சத்தம் எப்போது நின்றது? மரத்துக்கு முன்னாலா? கவனிக்கவில்லை. நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஆமை முள்ளம்பன்றியின் வீட்டை நெருங்குகிறது... வந்துவிட்டது. எழுத்தாளர் பக்கத்தைத் திருப்பினார், தாள் திரும்பும் சத்தம் அவளுக்கு மட்டும் கதவைத் தட்டுவது மாதிரி கேட்டது.

அந்தப் பக்கத்தில் பதினாலு வரி வசனம் இருக்கிறது. ஆமை பூட்டிய கதவின் முன்னால் நின்று பேசுகிறது, நண்பா, நான் தாமதமாக வந்துவிட்டேன், நீ எத்தனை நாள் இங்கே நின்றிருப்பாய், என் கால்கள் மட்டும் வேகமாக இருந்திருந்தால்... கெட்ட வசனம் இல்லை, எழுத்தாளர் மனசு வைத்து எழுதியதுதான், அதில்தான் சிக்கலே. வரைந்தாள். முகத்தை அருகில் வைத்து, கண்ணில் நீர் தளும்ப, வாய் திறக்க, மூட, புருவம் ஏற, இறங்க, இருபத்திரண்டு கட்டம் வரைந்தாள், வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு ஆமை சோகமாக இருப்பதாக நடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் திரும்ப வரைந்தாள், அப்போதும் நடித்தது. மூன்றாம் நாள் சலித்துப்போய், சும்மா, கை போன போக்கில், ஆமையைப் பின்னாலிருந்து வரைந்தாள். பெரிய கதவு, பூட்டு, வாசலில் சின்னதாக ஆமையின் முதுகு, ஓடு, பை, ஓட்டுக்கு மேலே கழுத்து. அடுத்த கட்டம், அதே கதவு, அதே பூட்டு, கழுத்து பாதி உள்ளே போய்விட்டது. அதன் கீழே 'நாலு விநாடி, பேச்சு இல்லை' என்று எழுதினாள், எழுதிய பிறகு கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. ஒருவர் எழுதியதை வெட்டுவதற்கு இவள் யார்? டைரக்டரிடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம், எழுத்தாளரிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் நியாயமாக 'வேண்டாம்' என்பார்கள், அதனால்தானே சொல்லவில்லை? டிவியில் நாலு விநாடி ஒன்றுமே நடக்காவிட்டால் பிள்ளைகள் ரிமோட்டை எடுத்துவிடும் என்பது இங்கே எல்லோரும் அறிந்த விஷயம். சேனல் அம்மா அதைச் சொல்லத்தான் சம்பளமே வாங்குகிறாள்.

இருநூறு. "அடேய், நான் வந்துட்டேன்" என்று ஆமை உற்சாகமாகக் கூப்பிடுகிறது, கதவை நோக்கி ஓடுகிறது, ஆமை ஓட்டம். இருநூற்று ஒன்று. கம்பியைத் தாளின் மேல் வைத்தாள். கதவு. பூட்டு. முதுகு. எதுவும் சொல்லவில்லை. இருநூற்று இரண்டு. தன் கழுத்தைத் தோளுக்குள் மெதுவாக இறக்கினாள், இதை ஒத்திகையில் செய்யவில்லை, அதுவாக இறங்கியது, அவர்களுக்கு முதுகு காட்டி நிற்கிறோம் என்பதே அப்போதுதான் உறைத்தது, திரும்பிப் பார்க்கத் துடித்தது, திரும்பக் கூடாது, ஆமை திரும்பவில்லை, ஒன்று, இரண்டு... ஏசியின் உறுமல் கேட்டது, வெளியே யாரோ லிஃப்டுக்காகக் காத்திருந்து செருப்பைத் தேய்ப்பது கேட்டது, மூன்று, முதுகில் நாலு பேருடைய கண்ணும் இருப்பது தெரிந்தது, வெயில் படுகிற மாதிரி, ஒருத்தரும் நாற்காலியில் அசையவில்லை, இது சலிப்பா, இல்லை... சலித்தவர்கள் இவ்வளவு அமைதியாக இருக்க மாட்டார்கள், சலிப்புக்கு ஒரு சத்தம் உண்டு, செருமல் உண்டு, கால் மாற்றிப் போடுதல் உண்டு, நாலு. இருநூற்று மூன்று என்று கம்பியை நகர்த்தும்போது எழுத்தாளரின் குரல் வந்தது. "ஒரு நிமிஷம். என் பக்கம் ஒண்ணு காணோமே?"

எதிர்பார்த்ததுதான், எதிர்பார்த்தும் முகத்தில் ரத்தம் ஏறியது. வெட்டிவிட்டேன் என்றாள், வரைந்து பார்த்தேன், பேசாமல் இருந்தால் சரியாக வரும் என்று தோன்றியது என்றாள், குரல் நடுங்கவில்லை, அது எப்படி என்று தெரியவில்லை. எழுத்தாளர் கோபக்காரர் இல்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, வலித்த மாதிரி பார்த்தார், அந்தப் பக்கத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு என்றார். டைரக்டர் பேனாவை ஒருமுறை அமுக்கினார், ஒரே ஒரு டிக், அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது, இதற்கு முன் கேட்டதில்லை. வசனத்தோட வரஞ்சது இருக்கா, இல்ல கிழிச்சாச்சா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றால் பேச்சு முடிந்தது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று கலைந்துவிடுவார்கள், நாலு விநாடியின் சூடு அவர்கள் மனசில் அப்படியே நிற்கும்... "இருக்கு சார்," என்றாள். பைலிலிருந்து இருபத்திரண்டு தாள்களையும் எடுத்து, பழையவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் குத்தினாள். நீங்க படிங்க, அவங்க காட்டட்டும் என்றார் டைரக்டர் எழுத்தாளரிடம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு விநாடி அவளுக்குள் ஒரு அற்ப எண்ணம் எட்டிப் பார்த்தது, கம்பியைக் கொஞ்சம் தாமதமாக நகர்த்தினால் போதும், வசனமும் வாயும் ஒட்டாமல் அசிங்கமாகிவிடும், ஒருத்தருக்கும் தெரியாது, ஒன்பது வருஷம் திருத்தியவளுக்கு எதைச் செய்தால் ஒரு போர்டு கெடும் என்று தெரியாதா? தெரியும். அதனால்தான் செய்யவில்லை. அவருடைய ஒவ்வொரு வரிக்கும் கம்பியைச் சரியாகக் கொண்டுபோனாள், ஆமையின் கண் தளும்பும் இடத்தில் தன் கண்ணையும் தளும்ப விட்டாள், வசனம் ஜெயித்தால் நியாயமாக ஜெயிக்கட்டும், இந்த இருபத்திரண்டையும் அவள்தானே வரைந்தாள்.

அவர் நன்றாகத்தான் படித்தார், நல்ல குரல், ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது. நண்பா, நான் தாமதமாக வந்துவிட்டேன். இரண்டாம் வரி. மூன்றாம் வரிக்கு சேனல் அம்மா கவிழ்த்த போனை எடுத்து நிமிர்த்தினாள். நான்காம் வரிக்கு யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஆறாம் வரியின் நடுவில், 'என் கால்கள் மட்டும்' என்ற இடத்தில், எழுத்தாளர் நின்றார். அடுத்த வார்த்தைக்காகக் கம்பி அந்தரத்தில் நின்றது. அவர் ஸ்கிரிப்டைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கழற்றி மேஜையில் வைத்திருந்த அந்த முதுகுத் தாளை எட்டி எடுத்துப் பார்த்தார்.

"போதும்," என்றார். "இவ்வளவு நேரமா நான்தான் பேசிட்டிருக்கேன். ஆமை பேசல."

பேனாவை எடுத்துத் தன் பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார், அவர் கையாலேயே. எடிட்டர் வாயைத் திறந்தாள், அந்த அறையில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "நாலு விநாடின்னு எழுதியிருக்கீங்க. நீங்க நின்னது ஆறு." ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பிக் காட்டினாள், ஆறு புள்ளி இரண்டு. ஆறா, எங்களுக்குத் தெரியவே இல்லையே என்று சேனல் அம்மா சொன்னாள், டைரக்டர் இவளைப் பார்த்து, அப்ப ஆறுன்னே எழுதிக்குங்க என்றார், நாலு விநாடிக்குச் சண்டை போட வந்தவளிடம் ஆறைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நடந்தது ஓட்டம், ஆமை ஓட்டம் இல்லை, காற்று கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது, கடிதம் ஊர் தாண்டி, பாலம் தாண்டி, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த முள்ளம்பன்றியின் முதுகு முள்ளில் போய்க் குத்திக்கொண்டது, வழியில் பார்த்த எல்லோரும் 'உனக்குக் கடுதாசி வந்திருக்கு' என்கிறார்கள், அது முன்னால் தேடுகிறது, பக்கத்தில் தேடுகிறது, கை முதுகுக்கு எட்டவில்லை, சேனல் அம்மா சத்தமாகவே சிரித்தாள், கடைசியில் ஆமை எதிரே வந்து, பின்னால் போய் நின்று, எழுதினது யார் என்று சொல்லாமலே, முள்ளில் குத்தியிருக்கும் தன் கடிதத்தைத் தானே படித்துக் காட்டிக்கொண்டு வீடு வரைக்கும் நடக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு. கம்பியை மடக்கினாள், க்ளிக், க்ளிக், க்ளிக். கைதட்டல் ஒன்றும் இல்லை, இந்த அறையில் அது வழக்கமில்லை, டைரக்டர் எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு, மேஜையில் இருந்த அடுத்த ஸ்கிரிப்டை எடுத்து அவளிடம் நீட்டினார், "இதையும் நீங்களே போடுங்க, அதுக்கடுத்ததும்" என்றார், அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார், பெயரைச் சொல்லி.

வராந்தாவில் கால் தரையில் இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. கணவருக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை, பஸ் ஓட்டும்போது எடுக்க மாட்டார், நல்ல பழக்கம்தான், ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் கெட்ட பழக்கமாக இருந்திருக்கலாம், போறானா வர்றானா என்று கேட்டீர்களே, போய்விட்டான், கடைசி வரைக்கும் போய்விட்டான் என்று சொல்ல வேண்டும், மெசேஜ் அடித்தாள், அழித்தாள், நேரில்தான் சொல்ல வேண்டும், அந்தக் குரலிலேயே, இனிமேல் யாராவது போனில் 'சொல்லுங்க சார்' என்றால் சொல்லிவிடப் போகிறாள், தயங்காமல், என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று. மொட்டை மாடிக்குப் போகும் படியில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள், நல்ல வெளிச்சம், வண்டிகள் இந்தப் பக்கம் போயின, அந்தப் பக்கம் போயின, எல்லாம் சரியான திசையில் போவது போலிருந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை யாரிடம் கொடுத்து வைப்பது, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன், இந்தப் போர்டு வரைவதற்காகப் போன மாதம் கொடுத்திருந்த புதிய மேஜையில் ஸ்கிரிப்டோடு உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய பழைய மூலையில் திருத்தும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் எதிரே வந்து நின்றார், ஐம்பது வயது தாண்டியவர், முன்பு கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர், இங்கே எல்லோரையும் விட மூத்தவர், எல்லோரையும் மேடம், சார் என்பார். ஓகே ஆன போர்டு திருத்தத்துக்கு அவரிடம்தான் போயிருக்கும். கையில் இருநூற்று ஒன்று. "மேடம், ஒரு சந்தேகம். இதுல மூஞ்சி தெரியல. முக்கியமான எடத்துல மூஞ்சி தெரியணும்னு அங்க ஒட்டி வச்சிருக்கு. திருப்பிடட்டுமா, இல்ல வேணும்னே போட்டதா?" ஒட்டி வைத்தது அவள்தான், அவளுடைய கையெழுத்துதான், அது அவருக்குத் தெரியாது. வேண்டுமென்றே போட்டதுதான், அப்படியே விட்டுவிடுங்கள் என்றாள். "அதான் கேட்டேன். வரஞ்சவங்களக் கேக்காமத் திருப்பக் கூடாதுல்ல," என்று அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். அவள் சிரித்தாள், ஸ்கிரிப்டின் முதல் வரியைப் படித்தாள், முதல் வரியைத் திரும்பப் படித்தாள். கேட்காமல் திருப்பக் கூடாது. ஒன்பது வருஷத்தில் எத்தனை தாள் அந்த மூலைக்கு வந்திருக்கும், அதில் எத்தனை முதுகு, ஒரு பெண்ணின் பின்கழுத்து, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்த கரடி, எல்லாவற்றையும் திருப்பினாளே, சுத்தமாக, ஒரே ஒரு கோடு மிச்சமில்லாமல், யாரையாவது கேட்டாளா? கோடியில் உட்கார்ந்து வரைவாரே ஒரு உயரமான மனிதர், இப்போது வேறெங்கோ போய்விட்டார், அவர் ஒரு பூனை வரைந்திருந்தார், ஜன்னல் திண்டில் உட்கார்ந்த பூனை, முதுகைக் காட்டிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதையும் அழித்து முகத்தை இந்தப் பக்கம் வைத்துக் கொடுத்தாள், வாங்கிப் பார்த்துவிட்டு 'சரிதான்' என்றார், வேறொன்றும் சொல்லவில்லை, அந்தச் 'சரிதான்' எவ்வளவு நேரம் கழித்து வந்தது? சந்தோஷம் குறையவில்லை, அப்படியே இருந்தது, நெஞ்சு நிறைய இருந்தது, அதன் நடுவே பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது, அவள் கண்ணை மூடி அந்தத் தாளை ஞாபகப்படுத்திப் பார்த்தாள், வால் நினைவுக்கு வந்தது, காது நினைவுக்கு வந்தது, ஜன்னல் கம்பிகூட வந்தது, ஆனால் பூனை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது... ஜன்னலுக்கு வெளியே அவர் என்ன வரைந்திருந்தார்?